படித்து முடிக்காதவரும் வரலாம்: மலையூரில் நண்பர்களோடு வாசிப்பு வட்டம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரி மலையில் இருக்கும் கோத்தகிரியில் நாங்கள் முதலில் தொடங்கிய வாசிப்பு வட்டம் நாலே கூட்டத்தில் நின்றுபோனது. யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. இரண்டாவது கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு தோழி போன் செய்து, "நான் இன்னும் பாதிகூடத் தாண்டலை, வந்து என்ன பேசறது? அடுத்த தடவை வரேன்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். மூன்றாவது கூட்டத்துக்கு மூன்று பேர் அதையே சொன்னார்கள். நாலாவதில் நானும் இன்னொருவரும்தான் இருந்தோம். நானுமே கடைசி 40 பக்கத்தை அன்று காலையில் அவசர அவசரமாகப் புரட்டிவிட்டுத்தான் போயிருந்தேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தோம். இப்போது ஐந்தாவது வருடம் நடக்கிறது. வட்டங்கள் கலைவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் கூச்சம். படித்து முடிக்கவில்லையே, மெதுவாகப் படிக்கிறோமே, புத்தகத்துக்கு 300 ரூபாய் கொடுக்க யோசிக்கிறோமே, வீடு சின்னதாக இருக்கிறதே, பெரிய பேச்செல்லாம் வராதே. இதில் ஒன்று மனதில் உட்கார்ந்தால் போதும், ஆள் வரமாட்டார், காரணத்தையும் சொல்லமாட்டார். கீழே நான் சொல்லும் ஏற்பாடு ஒவ்வொன்றும் இப்படி ஏதோ ஒரு கூச்சத்தைக் கழற்றி வைப்பதற்காகச் செய்ததுதான்.

முதல் படி: ஆட்கள்

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். புத்தகத்தைப் பற்றிப் பேச உங்களுக்குக் கிடைப்பது அதிகம் போனால் 90 நிமிடம். எட்டுப் பேர் என்றால் ஆளுக்குப் பதினோரு நிமிடம் வரும். பதினைந்து பேரைச் சேர்த்தால் ஆறு நிமிடம்தான். அதற்குள் யாரும் யோசித்துப் பேச முடியாது. வாய் உள்ள நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கிளம்புவார்கள். எட்டுப் பேர் கொண்ட வட்டத்தில், மழையும் பஸ்ஸும் வீட்டு வேலையும் போக ஐந்தாறு பேர் வருவார்கள். பேச்சுக்கு அதுவே நல்ல அளவு.

நிறையப் படிப்பவர்களாகத் தேடிப் பிடிக்காதீர்கள். எங்கள் வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் ஒருவர், செவிலியர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குன்னூரில் வேலை பார்க்கும் இளம்பெண், தோட்டக் குடும்பத்தில் பிறந்து இப்போது தையல்கடை நடத்தும் அண்ணன், மினி பஸ் ஓட்டும் நண்பர், முன்பு போன் செய்த அதே தோழி, மருந்துக்கடை வைத்திருக்கும் நான். மினி பஸ் நண்பர், பத்தாம் வகுப்புக்கு அப்புறம் செய்தித்தாள் தவிர எதுவும் படித்ததில்லை என்று தயங்கினார். ஒரு கதையில் டிரைவர் இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடியே வண்டியை விடுவதாக வந்தது. "மலையில வண்டி ஓட்டினவன் இப்படி எழுதமாட்டான். கிளட்ச்சை மிதிச்சா என்ஜின் பிடிப்பு போயிடும், பிரேக்கை மட்டும் நம்பினா மூணாவது வளைவுல சூடேறிடும்" என்றார். அந்தக் கதையில் நம்பகம் எங்கே உடைகிறது என்று தமிழாசிரியர் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார். இவர் ஒரு வரியில் காட்டிவிட்டார்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். வாட்ஸப்பில் "யாருக்கெல்லாம் விருப்பம்?" என்று போட்டால் இருபது கட்டைவிரல் விழும், கூட்டத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "மாசம் ஒரு தடவை, ரெண்டு மணி நேரம். படிச்சிட்டு வந்தாலும் சரி, படிக்காம வந்தாலும் சரி. டீ உண்டு." நடுவில் இருக்கும் அந்த வாக்கியத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது சலுகையாகிவிடும்.

முடிந்தவரை ஒரே பஸ் தடத்தில் இருப்பவர்களாகச் சேருங்கள். கட்டபெட்டு, அரவேணு என்று ஒரு கோட்டில் இருந்தால் திரும்பிப் போவது எளிது.

இரண்டாம் படி: நாளும் நேரமும்

நாளை முதலிலேயே கட்டிவிடுங்கள். எங்களுக்கு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியம் இரண்டரை மணி. "எல்லாருக்கும் எப்போ வசதி?" என்று மாதாமாதம் கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்விக்குப் பதில் வந்து சேர்வதற்குள் மாதமே முடிந்துவிடும். நாள் நிலையாக இருந்தால், வராதவரும் அந்த ஞாயிறன்று அங்கே வட்டம் நடக்கிறது என்று தெரிந்தே இருப்பார். அடுத்த மாதம் வர அது பெரிய உதவி.

மலையில் மாலைக் கூட்டம் வேண்டாம். நாலரைக்குள் முடித்துவிடுங்கள். தேயிலைக்காட்டு ஓரமாக நடந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் காட்டுமாடும் கரடியும் தினசரி விஷயம். இருட்டியபின் ஒருவரைத் தனியாக அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் இன்னும் முன்னாடியே, பன்னிரண்டு மணிக்குக் கூடி வெயிலில் உட்கார்ந்தால் சுகம்.

வருடத்துக்குப் பன்னிரண்டு கூட்டம் என்று திட்டமிட்டால் மூன்று கட்டாயம் விழும். அதனால் ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பாதியிலிருந்து மே முடியும்வரை சீசன். விடுதி, டாக்ஸி, கடை என்று எந்தத் தொழிலில் இருந்தாலும் யாருக்கும் ஞாயிறு கிடையாது. சாலையும் வண்டிகளால் நிரம்பி நிற்கும். கொடைக்கானல் பக்கமும் மே மாதம் கோடைவிழாக் கூட்டத்தில் இதே நிலைமைதான். கூடலூர், பந்தலூரில் இருப்பவர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையைக் கணக்கில் எடுங்கள். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு வலுவான மழை அக்டோபருக்கு அப்புறம் வடகிழக்கிலிருந்து வருகிறது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. எச்சரிக்கை வந்த நாளில் புத்தகத்துக்காக யாரையும் வீட்டைவிட்டு வெளியே அழைக்காதீர்கள். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ இந்த மலையின் படுகர் சமூகத்தார் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். படுகர் நண்பர்கள் இருந்தால் அந்தச் சமயத்தில் கூட்டம் வைக்க வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களையும் அப்படியே ஒதுக்கிவிடலாம்.

கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ ஒரு நண்பர் சொந்த வண்டியில் மேலே வருகிறார் என்றால் இ-பாஸ், அதாவது இணையத்தில் பெறும் அனுமதிச் சீட்டு, எடுக்கச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த முறை வந்தது. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

மூன்றாம் படி: இடம்

வீடு வீடாகச் சுற்றுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மூன்றாவது மாதம் ஒரு நண்பர் தன் முறை வந்ததும் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய, இரண்டே அறை உள்ள லைன் வீட்டில் ஏழு பேரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அவர் கவலை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றோடு சுற்றுமுறையை நிறுத்தினோம். யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தை நிலையாக வைத்துக்கொண்டு, விருப்பப்பட்டவர் மட்டும் எப்போதாவது வீட்டுக்கு அழைக்கலாம் என்று ஆக்கினோம்.

அப்படி ஓர் இடத்துக்கு உங்கள் ஊர்க் கிளை நூலகத்தை முதலில் கேளுங்கள். பல நூலகங்களில் ஏற்கெனவே "வாசகர் வட்டம்" என்று ஓர் அமைப்பு பெயரளவிலாவது இருக்கும். நூலகரிடம் நேரில் போய், மாதம் ஒரு நாள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டால் போதும். இதற்குத் தயங்கவே வேண்டாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இந்த மாகாணத்தில்தான் வந்தது. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்ந்து போகிறது. அங்கே உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கு நூலகம் திறந்திருக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நூலகம் அமையாவிட்டால், மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு டீக்கடையின் உள்பக்க மேசை, பள்ளியின் ஒரு வகுப்பறை, ஊர்ச் சமுதாயக் கூடத்தின் திண்ணை என்று ஏதாவது கிடைக்கும். பேசுவது எல்லார் காதிலும் விழ வேண்டும், மழைச் சத்தத்தை மீறியும் விழ வேண்டும். தகரக் கூரை போட்ட இடத்தை மழை மாதங்களில் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: புத்தகம்

வட்டம் பிழைப்பதும் கலைவதும் இங்கேதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் நாவலே எடுக்காதீர்கள். ஒரு சிறுகதை, பத்து முதல் இருபது பக்கம். அதையும் கூட்டத்திலேயே முறைவைத்துச் சத்தமாக வாசியுங்கள். முன்னாடியே படித்துவிட்டு வர வேண்டிய அவசியமே இல்லாததால், படிக்காத கூச்சம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ஆளுக்கு ஆள் குரல் எப்படி, எங்கே நிறுத்துகிறார், எங்கே சிரிப்பு வருகிறது என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகிவிடுவீர்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்குவார்கள். அவர்களை வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கள் குன்னூர்ப் பெண் முதல் ஐந்து மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். ஆறாவது மாதம் அவளாகவே புத்தகத்தைக் கையில் வாங்கினாள்.

அப்புறம் குறுநாவல், அதற்குப் பிறகு நாவல். பக்கக் கணக்கைப் பாருங்கள். சாதாரண வேகத்தில் படிக்கிற ஒருவருக்குத் தமிழில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைப்போம். 250 பக்க நாவலுக்கு 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு மாதத்தில் படிக்க வேண்டுமென்றால் தினமும் 17 நிமிடம். பெரிதாகத் தெரியாது. ஆனால் காலை ஏழு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போய், சாயங்காலம் இலை எடை போட்டு, வந்து சமைக்கிற ஒருவருக்கு அந்த 17 நிமிடம் எப்போது கிடைக்கும் என்று யோசியுங்கள். 200 பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தை இரண்டு கூட்டங்களாகப் பிரித்துவிடுங்கள். எங்களிடம் இது சட்டம் மாதிரி.

தேர்ந்தெடுப்பது முறைவைத்து ஒருவர். வாக்கெடுப்பு வேண்டாம். வாக்கெடுப்பில் எப்போதும் எல்லாரும் கேள்விப்பட்ட புத்தகம்தான் ஜெயிக்கும். சத்தம் குறைந்தவர் மனதில் இருக்கும் புத்தகம் ஒருநாளும் மேசைக்கு வராது. முறை வந்தவருக்கு இரண்டே நிபந்தனை. அந்தப் புத்தகத்தை அவர் ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். இன்றைக்கு அது கடையிலோ நூலகத்திலோ கிடைக்க வேண்டும். "எல்லாரும் சேர்ந்து புதிதாகப் படிக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒருவராவது முன்னாடி நடந்து பார்த்திருந்தால்தான், "நேரம் இல்லாதவங்க நாலாவது, பதினோராவது அத்தியாயம் மட்டும் படிச்சிட்டு வாங்க" என்று வழி சொல்ல முடியும். அந்த ஒரு வரி எங்களிடம் எத்தனையோ பேரைக் கூட்டத்துக்கு வரவைத்திருக்கிறது.

நம் மலையைப் பற்றிய எழுத்தை வருடத்துக்கு ஒன்றாவது எடுங்கள். படுகர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய "குறிஞ்சித்தேன்" நாவலை இரண்டாம் வருடம் படித்தோம். தேயிலைக்கார நண்பர் படுகர். அவர் அதைத் தன் அம்மாவுக்கு இரவு இரவாக வாசித்துக் காட்டினாராம். எந்த வழக்கம் அப்படியே இருந்தது, எதை வெளியிலிருந்து வந்தவர் பார்வையில் எழுதியிருக்கிறார் என்று அம்மா சொன்னதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்கும் அவருக்குமே இரண்டு இடத்தில் கருத்து ஒத்துப்போகவில்லை. அந்தத் தாளை வைத்தே ஒரு கூட்டம் முழுக்க ஓடியது.

இன்னொரு மாதம் இலங்கை மலையகத் தமிழர் ஒருவர் எழுதிய கதை. மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964-இல் செய்த சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கும் இருக்கின்றன. டான்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுக்கவே உருவானவை. தையல்கடை அண்ணனின் பெற்றோர் அப்படி வந்தவர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து லைன் வீடுகளில், விடியற்காலைத் தப்பு மேளச் சத்தம் கேட்டுப் பெண்கள் எழுந்திருக்கிற ஒரு பத்தியை வாசித்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, அம்மா சாகும்வரை நாலு மணிக்கு எழுந்துகொண்டிருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். அதற்கப்புறம் யாரும் கதையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் படி: பிரதிகளும் பணமும்

எட்டுப் பேரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று பிரதி போதும். முதலில் வேகமாகப் படிப்பவர்கள் பத்து நாளில் முடித்துக் கைமாற்ற வேண்டும், மெதுவாகப் படிப்பவரிடம் ஒரு பிரதி மாதம் முழுக்க இருக்கட்டும். நூலகத்தில் ஒன்று கிடைத்தால் வாங்க வேண்டியது இரண்டுதான்.

பணத்துக்கு எங்களிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மேலே கீறல் போட்டு மேசை ஓரத்தில் வைத்திருக்கிறோம். போகிற வழியில் போடுகிறவர் போடலாம். யார் எவ்வளவு என்று எழுதுவதில்லை, எண்ணுவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மாதச் சந்தா வைத்திருந்தபோது இரண்டு மாதம் பாக்கி விழுந்த ஒருவர் மூன்றாவது மாதம் வருவதையே நிறுத்தினார். டப்பா வந்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. சொல்லப்போனால் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே சேர்கிறது. புத்தகத் திருவிழாக்களில் வழக்கமாகப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. யாராவது போனால் வருடத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி வரச் சொல்லலாம்.

இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கும் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. 1949-இல் பாரதியார் எழுத்துகளோடு தொடங்கி எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் உயிரோடு இருந்தபோதே 2009-இல் நாட்டுடைமை ஆயின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் தேடிப் பாருங்கள். போனில் படிக்கலாம், வேண்டிய கதையை மட்டும் அச்சடித்தும் கொடுக்கலாம். மற்றவர்களின் எழுத்துக்கு ஆசிரியர் காலமாகி 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. அவற்றின் திருட்டுப் பிடிஎஃப் வாட்ஸப்பில் சுற்றும். எங்கள் குழுவில் அதை யார் போட்டாலும் நீக்கிவிடுவோம். தமிழில் எழுதிப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு, அவர்களின் வாசகர்களான நாமே அதைச் செய்யக்கூடாது.

புத்தகத்தைக் காப்பாற்றுவது மலையில் தனி வேலை. மழை மாதங்களில் அலமாரியை மூடியே வைத்திருந்தால் அட்டையில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்துவிடும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் குளிர்ந்து ஈரம் கோக்கும். புத்தகங்களை நெருக்கி அடுக்க வேண்டாம். வெயில் வந்த நாளில் கதவைத் திறந்து விடுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் விரித்து வையுங்கள். நேர் வெயிலில் நாள் முழுக்க வைத்தால் தாள் பழுப்பேறும். பாச்சை உருண்டை பூச்சிக்கு உதவும், பூஞ்சைக்கு உதவாது. ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

ஆறாம் படி: இடைப்பட்ட நாட்கள்

வாட்ஸப் குழுவில் மாதத்துக்கு மூன்று செய்தி போதும். கூட்டம் முடிந்த மறுநாள் அடுத்த புத்தகமும் பக்கங்களும். ஒரு வாரம் இருக்கும்போது நினைவூட்டல். அன்று காலையில் மழை, பஸ் நிலவரம். காலை வணக்கப் படங்களுக்கு வேறு குழுக்கள் இருக்கின்றன. "எல்லாரும் எவ்வளவு படிச்சிருக்கீங்க?" என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. அந்தக் கேள்வி வந்த மாதங்களில் எங்களிடம் வருகை குறைந்தது. அதற்குப் பதிலாகப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் முதல் அத்தியாயத்திலிருந்து தனக்குப் பிடித்த ஒரு வரியைப் போடலாம்.

ஏழாம் படி: கூட்டத்தன்று

முதல் 20 நிமிடம் டீயும் ஊர்க்கதையும். பச்சைத் தேயிலை விலை, பிள்ளைகள் பரீட்சை, வராத பஸ். இதைச் சுருக்கப் பார்க்காதீர்கள். வந்ததும் வராததுமாகப் புத்தகத்தைத் திறந்தால் வகுப்பறை வாடை அடிக்கும்.

அப்புறம் ஒருவர் புத்தகத்திலிருந்து இரண்டு மூன்று பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு. ஒன்றும் படிக்காமல் வந்தவர் கையிலும் இப்போது பேசுவதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது.

பிறகு சுற்று. எங்கள் வட்டத்துக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு: "எங்கே நின்னீங்க?" முடிக்காதவருக்கு அது படிப்பு நின்ற பக்கம். முடித்தவருக்கு மனசு நின்ற பக்கம். இரண்டுக்கும் ஒரே கேள்வி, ஒரே மாதிரிப் பதில்: ஒரு பக்க எண், அப்புறம் காரணம். யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்பதே இதில் தெரியாமல் போய்விடுகிறது. ஒருமுறை எங்கள் செவிலியர் 38-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டதாகச் சொன்னார். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி மலைப்பாதையில் இறக்குகிறார்கள், அந்த இடம். அவர் பணியில் பார்த்த ஒரு இரவு ஞாபகம் வந்து அதற்கு மேல் புரட்ட முடியவில்லை. புத்தகத்தை முழுக்கப் படித்திருந்த நாங்கள் ஐந்து பேரும் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டியிருந்தோம். அன்று திரும்பவும் அதை எடுத்து எல்லாரும் படித்தோம்.

சுற்று முடிந்ததும் பேச்சு தானாக ஓடும். ஓடாவிட்டால் இரண்டு மூன்று கேள்விகள் கையில் இருக்கட்டும். "ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?" வேண்டவே வேண்டாம், அது பரீட்சைக் கேள்வி, எல்லாரும் சரியான விடை தேட ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் கதையில் யார் வாயே திறக்கவில்லை? எந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது? இந்த ஆள் நம் ஊரில் இருந்தால் எந்தத் தெருவில் குடியிருப்பார்? கடைசிக் கேள்வி லேசாகத் தெரியும், ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போனால் அந்தப் பாத்திரத்தின் வருமானம், சாதி, உறவுகள் எல்லாம் வெளியே வரும்.

கதையின் முடிவைப் பற்றிய பேச்சைக் கடைசி அரை மணிக்கு வையுங்கள். முடிவு தெரிய வேண்டாம் என்பவர் அப்போது கிளம்பலாம். எங்களிடம் இதுவரை ஒருவர்கூடக் கிளம்பியதில்லை.

எட்டாம் படி: பேச்சு தடம் மாறும்போது

அதிகம் பேசுபவர் எல்லா வட்டத்திலும் இருப்பார். எல்லார் முன்னாலும் நிறுத்தினால் காயம் படும். தனியாகச் சொல்லுங்கள், "அண்ணா, அடுத்த தடவை நீங்க கடைசியா பேசுங்க, மத்தவங்க சொன்னதையெல்லாம் சேர்த்து நீங்கதான் சொல்லணும்" என்று. பேசாதவரைப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். வாசிக்கும் முறையை அவருக்குக் கொடுங்கள், அதுவே ஒரு பேச்சுத்தான்.

சாதி, மதம், தோட்டத் தகராறு, அரசியல் எல்லாம் கதைகளில் வரும், வரத்தான் வேண்டும். சின்ன ஊரில் ஒருவர் குடும்பம் இன்னொருவருக்குத் தெரியும் என்பதால் கவனம் தேவை. ஒரு கூட்டத்தில் கதை நாயகனைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒருவர், "உங்க ஆளுங்க அப்படித்தானே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டார். சொன்னவருக்கு அது உறைக்கவே இல்லை. கேட்டவர் முகம் மாறியது. நான் அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். டீ போடுகிறேன் என்று எழுந்துபோனேன், அது தப்பு. மறுநாள் இருவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போனேன். சொன்னவர் அந்த வாரமே மற்றவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். இருவரும் இன்னும் வருகிறார்கள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்: கதையில் வரும் ஆளைப் பற்றிப் பேசலாம், தன்னைப் பற்றிப் பேசலாம், எதிரில் இருப்பவரைக் கதைக்குள் இழுக்கக்கூடாது. அப்படி நடந்தால் யார் வேண்டுமானாலும் "பக்கத்துக்கு வாங்க" என்று சொல்லலாம், சொன்னதும் புத்தகத்தைத் திறந்து வரியைப் பார்க்க வேண்டும்.

தீனி

டீயும் ஒரு பண்டமும். அதற்கு மேல் யாரும் கொண்டுவரக்கூடாது, இல்லையென்றால் மூன்று மாதத்தில் அது சமையல் போட்டியாகிவிடும். எங்களுக்கு வர்க்கி, நம் மலையின் மொறுமொறு பேக்கரிப் பண்டம். உதிரும் தூளில் நெய்ப்பிசுக்கு இருக்கும், தாளில் பட்டால் கறை போகாது, அதனால் தட்டு ஒரு மேசை, புத்தகம் இன்னொரு மேசை.

ஒன்பதாம் படி: நிற்காமல் நடக்க

தள்ளிப் போடாதீர்கள். மண் சரிவு எச்சரிக்கை போன்ற நாளில் கூட்டத்தை ரத்து செய்யுங்கள், அல்லது அதே நேரத்தில் போனில் எல்லாரையும் இணைத்து ஒரு கதையை வாசித்துவிடுங்கள். "அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்பது மட்டும் வேண்டாம். அடுத்த வாரம் வேறு இரண்டு பேருக்கு முடியாமல் போகும், அப்படியே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பேர் வந்தாலும் கூட்டம்தான். ஒரு நவம்பரில் நானும் மினி பஸ் நண்பரும் மட்டும் இருந்தோம், மின்சாரமும் இல்லை. போன் வெளிச்சத்தில் 14 பக்கம் வாசித்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பினோம்.

புதிதாக ஒருவரைச் சேர்ப்பது என்றால் முதலில் இரண்டு கூட்டத்துக்கு விருந்தாளியாக வரட்டும். பிறகு மற்றவர்களைக் கேட்டுச் சேருங்கள். விலகுவதையும் எளிதாக்கி வையுங்கள். பிரசவம், பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் நோயாளி என்று காரணங்கள் வரும். "ஓய்வில் இருக்கேன்" என்று ஒரு செய்தி போட்டால் போதும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, குழுவிலிருந்து நீக்குவதும் இல்லை. எங்கள் செவிலியர் பதினோரு மாதம் ஓய்வில் இருந்துவிட்டு ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தார்.

கடைசியாக, ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, புத்தகம், வந்தவர்கள், ஒவ்வொருவரும் நின்ற பக்கம். அவ்வளவே. ஒரே புத்தகத்தில் நாலு பேர் 60-ஆம் பக்கத்தை ஒட்டி நின்றிருந்தால், அடுத்த முறை மெலிந்த புத்தகமாக எடுக்க வேண்டும் என்று தெரியும். ஜனவரியில் அந்த வருடத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் புது வருடத்தின் முறைகளைப் பிரிப்போம். போன ஜனவரியில் வருகையை எண்ணிப் பார்த்தோம். முதல் வட்டத்தில் அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாளே, அந்தத் தோழிதான் எல்லாரையும்விட அதிகக் கூட்டங்களுக்கு வந்திருக்கிறாள். இப்போதும் அவள் பாதிப் புத்தகங்களை முடிப்பதில்லை.